இரத்தத்தோடு ஒத்துவராத சாட்சி

ஞானாம்பிகை இறந்து எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் எங்கள் நீரிழிவு ஒழுங்கு நிலையத்துக்கு அவர் ஒரு தவணைகூடத் தவறவில்லை. இதை நான் சொல்லவில்லை, வரவுப் பதிவேடு சொல்கிறது. உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை வெள்ளத்தாலும் ஒருமுறை காய்ச்சலாலும் இரண்டு தவணை விட்டிருந்தார். அவற்றுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள். இறந்த பிறகு ஒரு கோடும் இல்லை.

என் பெயர் அடைக்கலநாதன். தபாற்கந்தோரில் முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தி இளைப்பாறியவன். கந்தோர்களைப் பற்றி எனக்கு இனி யாரும் புதிதாக ஒன்றும் சொல்லித்தர முடியாது என்ற தலைக்கனம் எனக்கு இருந்தது. அது இந்த நிலையத்தின் விறாந்தையில் இறங்கிப்போனது. நிலையம் எங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டேன். வட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரலாம், நல்லூரிலிருந்து சைக்கிளிலும் வரலாம். அவ்வளவு போதும், நான் இன்னும் அங்கேதான் மருந்து எடுக்கிறேன்.

நிலையத்தில் சேர்ந்ததும் ஓர் இலக்கம் தருவார்கள். சாகும்வரை அது மாறாது. சாகும்வரை என்று எழுதியது என் பழக்கதோஷம், மன்னிக்கவும். விறாந்தையில் நீளமான வாங்குகள் போட்டு, ஒவ்வொருவரும் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் வர்ணத்தால் இலக்கத்தை எழுதியிருக்கிறார்கள். நான் எழுபத்துநான்கு. எனக்கு இடது பக்கம் எழுபத்துமூன்று, ஞானாம்பிகை. மாதத்துக்கு ஒரு செவ்வாய் என்று ஒன்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறோம். என் சொந்தத் தங்கையோடுகூட நான் அவ்வளவு நேரம் ஒரே வாங்கில் இருந்ததில்லை.

எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: "இரத்தம் பொய் சொல்லாது." நிலையத்தின் முழுத் தத்துவமும் அதற்குள் அடக்கம். இரத்தத்தில் சீனி ஏறியிருந்தால் நீங்கள் சீனி தின்றிருக்கிறீர்கள். இல்லை என்றால் நீங்கள் பொய்யர். இடையில் வேறு எதுவும் கிடையாது.

நோயாளியின் வாயை நம்ப முடியாது என்பதால் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சாட்சியைக் கூட்டிவர வேண்டும். லிகிதர் டிலக்ஷனின் மேசைக்குப் பக்கத்தில் சாட்சிக்கென்று ஒரு மரக்கதிரை உண்டு. சாட்சி அதில் அமர்ந்ததும் டிலக்ஷன் தலை நிமிராமல் படிவத்தை வாசிப்பான்: "நோயாளி சென்ற மாதம் சீனி, சீனிப் பண்டம், பனங்கட்டி, இனிப்புச் சோடா ஆகியவற்றை உட்கொண்டாரா? ஆம், இல்லை." சாட்சி இல்லை என்று சொல்லி, இரத்தத்தில் சீனி கூடியிருந்தால், பேனையை மேசையில் வைத்துவிடுவான்.

"இரத்தத்தோடை ஒத்துவரேல்லை. திருத்திச் சொல்லுங்கோ."

திருத்திச் சொல்லும்வரை மருந்துத் துண்டு கிடையாது. விடிய வெறுவயிற்றோடு வந்த சனம். பன்னிரண்டு மணிக்குப் பசி கண்ணைக் கட்டும்போது எல்லாருக்கும் திருந்திய ஞாபகம் வந்துவிடும். டிலக்ஷன் கெட்ட பிள்ளை இல்லை. அவன் நேர்மையாகத்தான் இந்த வேலையைச் செய்தான், அதுதான் கொடுமை.

ஞானாம்பிகையின் சாட்சி அவருடைய கணவர் பரமலிங்கம். வெங்காயத் தோட்டக்காரர். அதிகம் கதைக்கமாட்டார். ஞானாம்பிகைக்குக் கையும் காலும் சாதாரணம், வயிறு மட்டும் பெரிது. குரக்கன் புட்டும் அவித்த கீரையும்தான் அவருடைய சாப்பாடு. சீனி இறங்கவேயில்லை. ஊசி மருந்தைக் கூட்டினார்கள். வயிறும் கூடியது. மறுபடி ஊசியைக் கூட்டினார்கள். நிலையம் வைத்திருக்கும் அவருடைய கொப்பியில் ஒவ்வொரு தவணையும் ஒரே வாசகம்: "உணவு ஒழுக்கம் இல்லை."

நான்கு வருடம் பரமலிங்கம் அந்தக் கதிரையில் இருந்து "இல்லை" என்று சொன்னார். மாலை மூன்று மணிவரை மருந்துத் துண்டு இல்லாமல் நின்றும் "இல்லை" என்றார். நிலையம் மூடும் நேரத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும் பதிலை எழுதாமல் துண்டைக் கொடுத்துவிடுவார்கள். ஐந்தாம் வருடம் ஒரு செவ்வாய், தோட்டத்தில் வெங்காயம் கிண்ட ஆட்கள் வந்து நிற்கிறார்கள், வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. டிலக்ஷன் பேனையை வைத்தான். பரமலிங்கம் வெளியே வானத்தைப் பார்த்தார். பிறகு "சாப்பிட்டா" என்றார்.

ஞானாம்பிகை அவருக்கு எதிரேதான் நின்றார். வந்து என் பக்கத்தில் இருந்து, சேலைத் தலைப்பைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். நான் என்ன செய்தேன்? சுவரில் இருந்த வாசகத்தைப் பத்தாயிரமாவது தடவை வாசித்தேன்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நிலையத்தில் வருடத்துக்கு ஐந்தாறு விழா நடக்கும். ஒழுக்க வாரம், நடைவாரம், யாருக்காவது பதவியுயர்வு. ஒவ்வொரு விழாவின் முடிவிலும் ஆளுக்கொரு கேக் துண்டும் தோடம்பழச் சோடாவும் தருவார்கள். வாங்கியதற்குக் கையொப்பம் வைக்க வேண்டும். வாங்காவிட்டால் ஒத்துழைப்பு இல்லை என்று கொப்பியில் விழும். ஞானாம்பிகை கையொப்பம் வைத்து வாங்குவார். வாங்கியதும் கடதாசியோடு என் மடியில் வைப்பார்.

"அண்ணை, இதை நீங்கள் பாருங்கோ."

நான் பார்த்தேன். என் பங்கையும் தின்று, அவர் பங்கையும் தின்றேன். எனக்கு ஒட்டிய வயிறு, ஊசி இல்லாமல் குளிசையோடு மட்டும் சமாளிக்கும் வருத்தம், இரத்தத்தில் ஒன்றும் தெரியாது. என் மருமகள் சுபாஜினி சாட்சிக் கதிரையில் இருந்து "இல்லை" என்பாள். ஒத்துவரும். பக்கத்து இலக்கக்காரி கேக்கைத் தொடுவதில்லை என்பதற்கு உலகத்திலேயே நல்ல சாட்சி நான்தான். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது. என் கேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டிவருமே என்று விட்டுவிட்டேன்.

ஒருமுறை "சாப்பிட்டா" என்று சொன்ன பிறகு பரமலிங்கத்துக்கு அது பழகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் சொன்னார், நேரத்தோடு வீட்டுக்குப் போனார். இதில் ஒரு விசித்திரம், சொல்லச் சொல்ல அவரே அதை நம்பத் தொடங்கினார். என் வீட்டுப் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று அவரே எனக்குச் சொன்னது இது.

"மாசாமாசம் கையொப்பம் வைக்கிறன் அண்ணை. பிறகு வீட்டை போய் அவவின்ரை வாயைப் பாக்கிறன். தின்னுறாவோ எண்டு. பேணியிலை சீனி குறையுதோ எண்டு கோடு கீறி வைச்சுப் பாத்தனான். குறையேல்லை. அப்பவும் நம்பேல்லை."

கடைசியில் நிலையத்தின் ஆலோசனைப்படி சீனிப் பேணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டார். "என்ரை வீட்டிலை எனக்கே பூட்டோ?" என்று மட்டும் ஞானாம்பிகை கேட்டாராம்.

அடுத்த தவணையில் ஊசியை மறுபடி கூட்டினார்கள். எப்படியாவது இரத்தத்தைத் தன் சொல்லோடு ஒத்துவரச் செய்ய வேண்டும் என்று ஞானாம்பிகை ஒரு வழி கண்டுபிடித்தார். தவணைக்கு முதல்நாள் பட்டினி. ஊசியை முழு அளவாகப் போட்டார், சாப்பிடவில்லை. பரமலிங்கம் பகல் தோட்டத்திலிருந்து வந்தபோது அவர் அலுமாரிக்கு முன்னால் விழுந்து கிடந்தார். சீனி அடியோடு இறங்கிவிட்டது. ஒரு கரண்டி சீனி வாயில் போட்டிருந்தால் எழும்பியிருப்பார். அலுமாரிக் கதவில், பூட்டைச் சுற்றி, நகத்தால் பிறாண்டிய அடையாளம் இருந்தது. திறப்பு பரமலிங்கத்தின் இடுப்பில் இருந்தது. ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்து இருபத்துநான்கு என்று எழுதினார்கள். 

நான் கிறிஸ்தவ வேதக்காரன், ஆனாலும் எட்டுக்குப் போனேன். சைவ ஆட்கள் எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். பரமலிங்கம் ஒன்றும் குறை வைக்கவில்லை. மோதகம், அரியதரம், சர்க்கரைப் பொங்கல், பனங்காய்ப் பணியாரம் என்று வாழையிலை கொள்ளாமல் படைத்திருந்தார். நடுவில் அந்தச் சீனிப் பேணி, மூடி திறந்தபடி. "ஒன்பது வருசம் ஒண்டையும் தொடவிடேல்லை அண்ணை" என்றார்.

அன்று பின்னேரம் நிலையத்தின் வீட்டு மேற்பார்வை உத்தியோகத்தர் கஜானி வந்து இறங்கினா. அட்டவணையில் அன்றைய வீடு அதுதான். படத்துக்குக் கும்பிட்டா, கண் கலங்கினா, இரண்டு மோதகம் சாப்பிட்டா. பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதினா: "நோயாளியின் முன்பாக நான்கு வகைச் சீனிப் பண்டங்களும் ஒரு பேணி சீனியும் வைக்கப்பட்டிருந்தன. நோயாளி மறுக்கவில்லை."

இந்த அறிக்கையின் பேரில் அடுத்த தவணையில் ஞானாம்பிகையின் ஊசி அளவு இன்னும் கூட்டப்பட்டது.

பரமலிங்கம் கொப்பியை மூடத்தான் முதலில் வந்தார். மரணச் சான்றிதழையும் கொண்டுவந்திருந்தார். டிலக்ஷன் அதை மரியாதையோடு திருப்பிக் கொடுத்தான்.

"ஐயா, பதினாலாம் பிரமாணம். கொப்பியை மூடுறதெண்டால் நோயாளி நேரிலை வந்து கையொப்பம் வைக்க வேணும்."

"தம்பி, அவ செத்துப்போனா."

"அது எனக்குத் தெரியும் ஐயா. நான் செத்தவீட்டுக்கும் வந்தனான். கொப்பிக்குத் தெரியாதல்லோ."

அந்த நேரம் ஒலிபெருக்கி கூப்பிட்டது. "எழுபத்துமூன்று, ஞானாம்பிகை." பழைய நாடா, பழைய குரல்.  எனக்கு இடது பக்கம், மஞ்சள் இலக்கம் எழுதிய வெறும் பலகையிலிருந்து, "ஓம், வாறன்" என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் கரகரத்த குரல். முழங்காலுக்கு அவர் பூசும் வேப்பெண்ணெய் மணமும் வந்தது. டிலக்ஷன் தலை நிமிராமல் வரவைப் பதிந்தான்.

பரமலிங்கம் மேசையடியில் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்களோ அண்ணை சொன்னது?"

"நான் இல்லை. நீங்களோ?"

"நானும் இல்லை."

 எழுபத்திரண்டாம் இலக்கக்காரர் அன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாங்கின் விளிம்பில் பாதி உடம்போடு இருக்கத் தொடங்கினார்.

அதன்பின் பரமலிங்கம் ஒவ்வொரு தவணையும் வந்தார். வராவிட்டால் கஜானி வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவா என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவருக்குக் கொப்பியை மூடுவதில் இப்போது அக்கறை இல்லை. தான் சொன்ன "சாப்பிட்டா" எல்லாவற்றையும் திருப்பி எடுக்க வேண்டும். கொப்பியில் அறுபது இடத்துக்குக் கிட்ட அது கிடந்தது, ஒவ்வொன்றின் கீழும் அவருடைய கையொப்பம். கடிதம் எழுதினார். என்னிடம்தான் எழுதுவித்தார், நானே தபாலில் போட்டேன். ஐந்து கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் மனைவியின் ஊசி மருந்து மாதாமாதம் தவறாமல் கிடைத்தது. மறுப்பதற்கு நோயாளி நேரில் வரவேண்டும். வீட்டில் பிறிட்ஜில் முட்டை வைக்கும் குழிகளெல்லாம் சின்னச் சின்னப் போத்தல்களாக நிறைந்தன.

"விடியப் பிறிட்ஜைத் திறந்தால் அவ அதுக்குள்ளை கையை விட்டு எண்ணிக்கொண்டு நிக்கிறமாதிரிக் கிடக்கு" என்றார். "ஒண்டும் சொல்லமாட்டா. ஏசினால்கூடப் பறவாயில்லை."

நவம்பரில் உலக நீரிழிவு தினம் வந்தது. விறாந்தைக்கு வெள்ளைத் துணி கட்டி, மேடை போட்டு, நிலையப் பொறுப்பதிகாரி டொக்டர் கிறிஸ்துநாயகம் சிறப்புரை ஆற்றினார். அவர் மெலிந்த மனிதர். மெலிந்திருப்பது தம்முடைய ஒழுக்கத்துக்குக் கிடைத்த சான்றிதழ் என்பது அவருடைய எண்ணம். அவருக்குப் பின்னால் மேசையில் கட்டுக்கட்டாகப் பிரிக்காத கடிதங்கள். என் கையெழுத்து மேலே தெரிந்தது.

"அன்பான நோயாளர்களே, மதிப்புக்குரிய சாட்சிகளே! வயிற்றிலே கிடக்கும் கொழுப்பை ஒரு காலத்தில் வெறும் களஞ்சியம் என்று நினைத்திருந்தோம். அது தவறு. அது ஓயாமல் கடிதம் எழுதுகிற ஒரு பெரிய கந்தோர். அந்தக் கடிதங்களுக்கு ஓமோன்கள் என்று பெயர். லெப்ரின் என்ற கடிதம் மூளைக்குப் போகிறது. 'இங்கே சேமிப்புப் போதும், பசியை நிறுத்து' என்பது அதன் வாசகம். கொழுப்புப் பெருகப் பெருகக் கடிதமும் பெருகுகிறது. கடிதம் குவிந்துபோனதால் மூளை அதைப் பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது."

இதைச் சொன்னபோது அவருடைய முழங்கை பட்டு ஒரு கட்டுக் கடிதம் கீழே விழுந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

"அந்தக் கந்தோரில் நல்ல உத்தியோகத்தர் ஒருவர் உண்டு, அடிப்போனெக்ரின். இன்சுலின் வந்து கதவைத் தட்டினால் திறந்துவிடுங்கள் என்று தசைக்கும் ஈரலுக்கும் எடுத்துச் சொல்பவர். கந்தோர் வீங்க வீங்க அவர் குறைந்துகொண்டே போகிறார்."

சனங்களோடு முகம் கொடுத்துக் கதைத்த ஒரேயொரு தாதி மிஸ்ஸியை ஆனி மாதம் இடம் மாற்றியது எனக்கு ஞாபகம் வந்தது.

"வீங்கிய கொழுப்புக் கலங்களுக்கு மூச்சு முட்டுகிறது. சில இறந்தும் போகின்றன. உடனே உடலின் காவற்காரக் கலங்கள் கூட்டமாக உள்ளே வருகின்றன. வந்தவை திரும்பிப் போவதில்லை. எதிரி என்று ஒருவரும் இல்லாத இடத்தில் நிலைகொண்டு, அழற்சிப் பொருட்களைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன."

விறாந்தையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சண்டை முடிந்தும் எங்கள் ஊரில் இன்னும் முகாம்கள் இருக்கின்றன, அது வேறு கதை.

"இந்த அழற்சிதான் விசயம். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகைச்சலில் இன்சுலின் சொல்வது எவருக்கும் கேட்பதில்லை. தசை கதவைத் திறக்காது. ஈரலோ ஒருவரும் கேளாமலே சீனியைச் செய்து இரத்தத்தில் விடும். இதற்குத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். நோயாளி ஒரு கரண்டி சீனி தின்னாவிட்டாலும் சீனி ஏறும். அப்போது நாங்கள் ஊசியைக் கூட்டுகிறோம். ஊசி கூட நிறையும் கூடலாம். நிறை கூட..." இந்த இடத்தில் அவர் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டி வேறு விசயத்துக்குப் போனார்.

பிறகு பரிசளிப்பு. "இவ்வாண்டு ஒரே தவணையில் அதிசிறந்த சீனி வீழ்ச்சியைக் காட்டிய நோயாளி, எழுபத்துமூன்றாம் இலக்கம், ஞானாம்பிகை பரமலிங்கம். நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்கு!" எல்லாரும் கைதட்டினார்கள். பழக்கதோஷம், நானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன்.

சாட்சி என்ற முறையில் பரமலிங்கத்தை மேடைக்கு அழைத்துச் சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள். அவர் அதை மார்போடு பிடித்துக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார்.

"டொக்டர், நீங்கள் இப்ப சொன்னது மெய்யே? சீனி தின்னாமலும் சீனி ஏறுமோ?"

"தாராளமாக ஏறும். ஆராய்ச்சிகள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன."

"அப்ப என்ரை மனுசி தின்னேல்லை. அவ பொய் சொல்லேல்லை. நான்தான் பொய் சொன்னனான். உந்தக் கொப்பியிலை அதை வெட்டிவிடுங்கோ. வேறையொண்டும் எனக்கு வேண்டாம்."

டொக்டர் அவருடைய தோளில் கை வைத்தார். உண்மையான பரிவோடுதான் வைத்தார். "ஐயா, அது விஞ்ஞானம். இது கிளினிக். ரெண்டையும் போட்டுக் குழப்பப்பிடாது."

அன்றும் கேக் கொடுத்தார்கள். எழுபத்துமூன்றின் பங்கைக் கடதாசியோடு அவருடைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் தொடவில்லை. பின்னேரம் ஐந்து மணிவரை அது அங்கேயே கிடந்தது. எறும்பும் தொடவில்லை.

மேசையடியில் பரமலிங்கம் டிலக்ஷனோடு சத்தம் போட்டுக்கொண்டு நின்றார். அவர் சத்தம் போட்டு நான் கண்டது அன்றுதான். சாட்சியத்தை மாற்றுவதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டுமாம். மேசைக்கு முன்னால் சத்தம் போடுபவர்களுக்கு உடனடியாக இரத்தம் குத்திப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு பிரமாணம் இருந்தது. குத்தினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. அவருக்கும் அந்த ஒன்பது வருடத்தில் வயிறு வைத்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

டிலக்ஷன் புதுக் கொப்பி ஒன்றை எடுத்தான். "சாட்சி ஆர் ஐயா?"

"பிள்ளையள் கனடாவிலை."

"ஒரே வீட்டிலை இருக்கிற ஆளாய் இருக்க வேணும்."

"வீட்டிலை ஒருத்தரும் இல்லை."

டிலக்ஷன் பதிவேட்டைப் புரட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது. "இருக்கினமே. உங்கடை விலாசத்திலை ஞானாம்பிகை எண்டு ஒராள். தவணை தவறாமல் வாறா. பரிசும் எடுத்திருக்கிறா." எழுதி முத்திரை குத்தினான்.

பரமலிங்கம் அந்தக் கொப்பியை நெடுநேரம் பார்த்தார். "அவ என்னைப் பற்றி என்ன சொல்லுவா அண்ணை?" என்று என்னிடம் கேட்டார். அந்த மனிதருக்கு மரணத்தைவிட அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது. அந்த மாதம் முழுக்கச் சீனிப் பேணியின் பக்கம் அவர் போகவில்லை. குரக்கன் புட்டும் அவித்த கீரையும்தான் சாப்பிட்டார். தானே அவித்தார், தானே பார்த்தார்.

மார்கழித் தவணை வந்தது. மழை. விறாந்தை ஓரமெல்லாம் தூவானம். பரமலிங்கத்தை முதலில் குத்திப் பார்த்தார்கள். இருநூற்று முப்பது.

"சாட்சி, ஞானாம்பிகை" என்றது ஒலிபெருக்கி.

எனக்கு இடது பக்கம் வாங்குப் பலகை ஒருமுறை கிறீச்சிட்டது, பாரமான ஒருவர் எழும்பும்போது கிறீச்சிடுவதுபோல. ஈரமான செருப்புச் சத்தம் மேசைவரை போனது. மரக்கதிரை கொஞ்சம் பின்னால் அரைபட்டது. டிலக்ஷன் தலை நிமிரவில்லை.

"நோயாளி சென்ற மாதம் சீனி, சீனிப் பண்டம், பனங்கட்டி, இனிப்புச் சோடா ஆகியவற்றை உட்கொண்டாரா?"

"இல்லைத் தம்பி. அவர் சாப்பிடேல்லை."

"இருநூற்று முப்பது. இரத்தத்தோடை ஒத்துவரேல்லை. திருத்திச் சொல்லுங்கோ."

"அவர் சாப்பிடேல்லை."

"திருத்தினால்தான் மருந்துத் துண்டு தரலாம்."

"நான் வீட்டிலைதானே இருக்கிறன். பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அவர் சாப்பிடேல்லை."

டிலக்ஷன் பேனையை வைத்தான். வைத்துவிட்டு, நான் அறிந்த ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். கதிரையைப் பார்த்தான். அதில் மழைத் தண்ணீர் கொஞ்சம் சொட்டியிருந்தது. அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பேனையை மறுபடி எடுத்து "இல்லை" என்ற பெட்டியில் கோடு போட்டான். நிலையத்தின் வரலாற்றில் இரத்தத்தோடு ஒத்துவராத முதலாவது சாட்சியம் அப்படித்தான் பதிவானது.

பரமலிங்கம் கதிரைக்கு முன்னால் நிலத்தில் குந்திவிட்டார். "ஞானம், நானும் பாத்தனான். நீ தின்னேல்லை எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கும் தெரியும். மழை வரப்போகுதெண்டு சொல்லிப்போட்டன்." வாய்விட்டு அழுதார். விறாந்தையில் இருநூறு பேர் இருந்தோம்.  ஈரமான செருப்புச் சத்தம் வாங்குக்குத் திரும்பி வந்தது.

"எழுபத்துநான்கு, அடைக்கலநாதன்."

சுபாஜினி குடையை மடக்கிக்கொண்டு சாட்சிக் கதிரைப் பக்கம் போனாள். அதில் இருக்கத் தயங்கி, பக்கத்தில் நின்றாள். டிலக்ஷன் மறுபடி தலையைக் குனிந்து படிவத்தை வாசிக்கத் தொடங்கினான். அவள் "இல்லை" என்று சொல்ல வாய் எடுக்குமுன் நான் எழுந்துவிட்டேன்.

"ஓம் தம்பி, சாப்பிட்டனான். ஒன்பது வருசமாய்ச் சாப்பிட்டனான். என்ரை பங்கையும் திண்டு, எழுபத்துமூண்டின்ரை பங்கையும் திண்டனான். அவ ஒருநாளும் வாயிலை வைக்கேல்லை. எல்லாம் என்ரை மடியிலைதான் வைச்சவ. எழுது."

சுபாஜினி என்னை முறைத்துப் பார்த்தாள். டிலக்ஷன் என் இரத்தத் துண்டை எடுத்துப் பார்த்தான். பேனையை மேசையில் வைத்தான்.

"நூற்றுப்பதினெட்டு. இரத்தத்தோடை ஒத்துவரேல்லை ஐயா. திருத்திச் சொல்லுங்கோ."

"திருத்தமாட்டன்" என்றேன்.

வாங்குக்குத் திரும்பி வந்து என் இடத்தில் இருந்தேன். இப்போது மணி இரண்டரை. மருந்துத் துண்டு இன்னும் தரவில்லை, பசி கண்ணைக் கட்டுகிறது. பக்கத்தில் வேப்பெண்ணெய் மணக்கிறது.